நீல டேப் ஒட்டிய மெஷின்

(கருவி அறையின் மூத்த மெக்கானிக் மணிக்கட்டார் அவர்களின் மறைவையொட்டித் தொழிலாளர் உணவுக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், அவருடன் பணியாற்றிய மெக்கானிக் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் திட்ட மேலாளர் ஐயா அவர்களே! முன் வரிசையில் இருக்கும் மணிக்கட்டாரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே! ஆறாம் மாடியிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் தலையில் படிந்த சிமெண்டுத் தூசியைக்கூடத் தட்டாமல் வந்து நிற்கும் தோழர்களே, சகோதரிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த மனிதரைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம்! தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் நேரத்தைத் தாண்டத்தான் போகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு துண்டுச் சீட்டு அனுப்பி என்னை உட்கார வைக்கப் பார்க்க வேண்டாம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். மேலாளர் ஐயா, "மணிக்கட்டார் இந்த நிறுவனத்தின் சொத்து" என்றார். கேட்கக் காதுக்கு இனிமையாக இருந்தது. சொத்தா? சொத்து என்றால் அதைப் பத்திரமாக அல்லவா வைத்திருக்க வேண்டும்! ஐம்பத்தாறு வயதுச் சொத்தைக் கருவி அறையிலிருந்து பிடுங்கி, ஆறாம் மாடியில் ஏணி மேல் ஏற்றி, தலைக்கு மேலே துளை போடச் சொன்னது யார்? உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள், இன்று மலர்வளையத்தோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, தோழர்களே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மட்டாகவே இருக்கட்டும். இன்றைக்கு ஆத்திரத்தோடுதான் பேசப் போகிறேன்.

யார் இந்த மணிக்கட்டார்? புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார். "எங்க, கையை நீட்டு. மடக்கு. திருப்பு" என்பார். முதல் நாள் வேலைக்கு வருகிறவர்கள், ஏதோ ஜோசியக்காரரிடம் மாட்டிக்கொண்டோம் என்று நினைப்பார்கள்! அவருடைய வலது மணிக்கட்டு கோணலாக இருக்கும். உள்ளங்கை முழுதாக மேலே திரும்பாது. யாராவது டீ நீட்டினால் இடது கையால்தான் வாங்குவார். இருபத்துமூன்று வயதில் ஒரு ஹாமர் டிரில் சிக்கிச் சுழன்றதில் அந்தக் கை இரண்டு இடத்தில் உடைந்தது. "என்னண்ணே இது?" என்று கேட்டால், "இதான் என் அனுபவச் சான்றிதழ். சட்டம் போட்டு மாட்ட முடியல, கூடவே தூக்கிட்டுத் திரியறேன்" என்பார்.

அன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவர் ஒரு கேள்வி கேட்டாராம். "மெஷினுக்குள்ள கிளட்ச் இருக்கே, அது ஏன் வழுக்கல?" வலியில் கிடந்த இளைஞனுக்கு வந்த கேள்வியைப் பாருங்கள்! அந்த ஒரு கேள்வியை முப்பத்துமூன்று வருடம் அவர் விடவே இல்லை.

அலுவலகத்திலிருந்து வந்திருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கோப்பு தெரிந்த உங்களுக்குக் கிளட்ச் தெரியாமல் இருக்கலாம், குற்றமில்லை. சொல்கிறேன், கேளுங்கள். கான்கிரீட்டில் துளை போடுகிறோம். உள்ளே கம்பி இருக்கிறது. மெஷின் முனையில் சுற்றும் பிட் போய்க் கம்பியில் மாட்டிக்கொள்கிறது, அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டார் நிற்கவில்லையே! அது சுற்றியே தீரும். பிட் சுற்றாவிட்டால் எது சுற்றும்? மெஷின் சுற்றும். மெஷினைப் பிடித்திருக்கும் கை சுற்றும். கையோடு சேர்ந்து, ஏணியில் நிற்கும் ஆளே சுற்றுவான். இதைத் தடுக்கத்தான் மோட்டாருக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு கிளட்ச். ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் இரண்டு தட்டு, அவ்வளவுதான். அளவுக்கு மேல் விசை வந்தால் தட்டு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். "டர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். மோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றும், கை தன் பாட்டுக்கு இருக்கும்.

இதை என்னைவிட அண்ணி நன்றாகச் சொல்வார். அண்ணி தையல் தைப்பவர். மோட்டார் வைத்த தையல் மெஷின். தடித்த துணியில் ஊசி மாட்டும்போதெல்லாம் பெல்ட் வழுக்கிவிடும். "பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கிக் குடுங்கன்னு எத்தன நாளா சொல்றேன்! ஊருக்கெல்லாம் மெஷின் பாக்கறீங்க, வீட்டு மெஷினுக்கு நாதி இல்ல" என்று அண்ணி சத்தம் போட்டபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்ன சொன்னார்? "அது வழுக்கறதாலதான் உன் விரல் பத்தும் பத்தாவே இருக்கு. வழுக்கட்டும் விடு." சொல்லிவிட்டு எழுந்து போய், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, ஒரு மயிரிழை மட்டும் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த மயிரிழைதான் அவருடைய வித்தை, தோழர்களே! ரொம்பத் தளர்ந்தால் துளையே விழாது. ரொம்ப இறுகினால் கை போய்விடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கருவி கூடத் தேவைப்படாது.

அவருக்கு ஒரு முறை இருந்தது. பழுது பார்த்த எந்த டிரில்லையும் அப்படியே கொடுத்தனுப்ப மாட்டார். மேசையில் பொருத்திய இரும்புக் கவ்வி, அதுதான் வைஸ், அதில் பிட்டைக் கவ்வ வைத்து இறுக்குவார். காலை அகட்டி நிற்பார். இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்து ஸ்விட்சை அழுத்துவார். பிட் நகராது, ஆகவே கிளட்ச் வழுக்கியாக வேண்டும். அந்த "டர்ர்ர்" வர வேண்டும், மணிக்கட்டு ஆடக் கூடாது. வந்தால், மெஷினின் கழுத்தில் நீல டேப் ஒரு சுற்று. அதில் அன்றைய தேதி. வராவிட்டால் மறுபடி பிரிப்பார். "அண்ணே, எதுக்கு உங்க உடைஞ்ச கையை வெச்சே சோதிக்கறீங்க?" என்று கேட்டேன். "அடுத்தவன் கையில சுத்தறதுக்கு முன்னால என் கையில சுத்தட்டும். இது ஏற்கெனவே உடைஞ்சதுதானே" என்றார்.

மேலே துளை போடுகிறவர்களுக்கு அந்த நீல டேப் என்றால் என்ன? கேட்டுப் பாருங்கள்! டேப் இல்லாத மெஷினைக் கையால் தொட மாட்டார்கள். எத்தனை பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டு, "டேப் எங்க?" என்பார்கள்.

மூன்றாவது வரிசையில் நம் நெட்டை உட்கார்ந்திருக்கிறான். நெட்டை, எழுந்திரு. ரெண்டு கையையும் தூக்கு. நன்றாகத் தூக்கு, மேடையில் இருப்பவர்கள் பார்க்கட்டும். எட்டு வருடமாக இந்தக் கை துளை போடுகிறது. எத்தனை ஆயிரம் துளை, எத்தனை முறை கம்பியில் மாட்டியிருக்கும்! இரண்டும் நேராக இருக்கிறதா, இல்லையா? இது யாரால்? சுவரில் தொங்கும் பாதுகாப்பு வாரச் சுவரொட்டியாலா? உட்காரடா, உன் கையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிப்பட்ட மனிதரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களா? கேளுங்கள் கதையை!

ஆறாம் மாடிக் கூரையில் குழாய் தாங்கிகள் மாட்டத் துளை போட வேண்டும். வரைபடத்தில் குறித்த இடத்திலெல்லாம் கம்பி. பிட் கம்பியில் படும், கிளட்ச் வழுக்கும், வேலை நிற்கும். முறைப்படி என்ன செய்ய வேண்டும்? துளையை இரண்டு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். அதற்குப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வர மூன்று நாள் ஆகும். மூன்று நாள் காத்திருக்க முடியாதாம்! ஆகவே கையெழுத்தை விரைவாக வாங்க வழி தேடாமல், கிளட்ச்சைப் பூட்ட வழி தேடினார்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் கூடுதலாகச் செருகினால் போதும். ஸ்பிரிங் இறுகிவிடும். பிறகு அந்தக் கிளட்ச் எதற்கும் வழுக்காது. கம்பியில் மாட்டினாலும் மெஷின் முண்டிக்கொண்டு போகும். பத்துத் தடவையில் ஒன்பது தடவை கம்பியை அறுத்துவிடும். பத்தாவது தடவை ஆளைத் தூக்கி எறியும்.

சூப்பர்வைசர் மேசைக்கு வந்தார். "பவரே இல்லங்க. ரெண்டு வாஷர் போட்டுக் குடுங்க, ஓடட்டும்." அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு மெஷினை எடுத்தார், பிரித்தார், இரண்டு வாஷரைப் போட்டார், மூடினார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிட்டை வைஸில் கவ்வ வைத்து, மெஷினை சூப்பர்வைசர் பக்கம் திருப்பினார். "நீங்க கேட்டபடி போட்டாச்சு. இந்தாங்க, நீங்களே பிடிச்சு அழுத்திப் பாருங்க. உங்க கை தாங்குச்சுன்னா மேல அனுப்பிடறேன்." சூப்பர்வைசர் மெஷினைப் பார்த்தார், வைஸைப் பார்த்தார், அண்ணனுடைய கோணல் கையைப் பார்த்தார். "இருங்க, போன் வருது" என்று வெளியே போனார். எங்களுக்கு மணி அடித்த சத்தமே கேட்கவில்லை! அரை மணி நேரம் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வாஷரையும் கழற்றி டப்பாவில் போட்டார். "பிடிக்க முடியாதவங்க கேக்கக் கூடாது" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. மெஷின் சட்டென்று திரும்பினால் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பொருள் அதை உணர்ந்து, கண் இமைக்கும் முன் மோட்டாரையே நிறுத்திவிடும். அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "டேய், மெஷினுக்கே மணிக்கட்டு மொளச்சிருச்சுடா!" என்று குதித்தார். பதினான்கு கடிதம் எழுதினார், எல்லோருக்கும் இது வேண்டும் என்று. வாங்கினார்கள். எத்தனை? இரண்டு! அந்த இரண்டும் எங்கே? மேலாளர் அறையில், கண்ணாடி அலமாரியில். பாதுகாப்பு ஆய்வுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். ஆய்வு முடிந்ததும் துடைத்து உள்ளே வைப்பார்கள். ஒரு துளைகூடப் போடாத அந்த மெஷின்கள் இன்றைக்கும் புதுப்பெண்போல மினுமினுக்கின்றன. ஐயா, நான் சொல்வதில் பொய் இருந்தால் இப்போதே மறுக்கலாம். ஒலிபெருக்கியைத் தருகிறேன்.

மறுக்கவில்லை. நல்லது.

போன் வந்ததென்று சூப்பர்வைசர் வெளியே போன இரண்டாம் நாள் உத்தரவு வந்தது. "ஆள் பற்றாக்குறை காரணமாக மூத்த மெக்கானிக் ஆறாம் மாடித் துளைக் குழுவுக்கு மாற்றப்படுகிறார்." ஆள் பற்றாக்குறையாம்! அண்ணன் உத்தரவைப் படித்தார், மடித்தார். வைஸைத் துணியால் துடைத்தார். நீல டேப் சுருளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "பாத்துக்கடா" என்றார். ஏணியில் ஏறப் போய்விட்டார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. அதாவது ஒன்பது நாளைக்கு முன்பு. பிட் கம்பியில் சிக்கியது. கிளட்ச் வழுக்கவில்லை. மெஷின் சுழன்றது. அண்ணன் ஏணியிலிருந்து விழுந்தார். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான்கே நாளில் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு அறிக்கை எழுதிவிட்டது. துளை தள்ளிப் போடக் கையெழுத்து வாங்க மூன்று நாள், ஒரு மனிதர் செத்ததை எழுதி முடிக்க நான்கு நாள்! அதில் ஒரு வரி இருக்கிறது. "அனுபவமுள்ள மெக்கானிக்காக இருந்தும், கருவியைச் சோதிக்காமல் பயன்படுத்திய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்."

கவனக்குறைவு! யாருக்கு? மணிக்கட்டாருக்கா? முப்பத்துமூன்று வருடம் ஊரார் மணிக்கட்டையெல்லாம் தன் மணிக்கட்டாக நினைத்துப் பார்த்தவருக்கா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்! இந்த அறிக்கை வீட்டுக்கு வந்தபோது அண்ணி என்னிடம் கேட்டார். அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அவரு போயிட்டாரு, அது சரி. ஆனா அவரு மெஷினைப் பாக்காம எடுத்தாருன்னு எழுதியிருக்காங்களே. அது மட்டும் நெஜமா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி." நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். படித்துவிட்டேன். "சுருக்கமாக முடிக்கவும்." சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன், தலைவரே. இனிமேல்தான் நான் பேச வந்ததே இருக்கிறது.

அண்ணி, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன். நிஜம்தான். அன்று அவர் அந்த மெஷினைச் சோதிக்கவில்லை. மாடியில் ஒரு சின்ன வைஸ் இருந்தும் அதில் மாட்டிப் பார்க்கவில்லை. ஏன்? ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நெட்டை. அவன் கேட்டிருக்கிறான். "அண்ணே, வைஸ்ல போட்டுப் பாக்கலயா?" அண்ணன் மெஷினின் கழுத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே நீல டேப். அன்றைய தேதி. "நம்ம மேசையில பாத்திருக்கான்டா. அவன் பாத்தா நான் பாத்த மாதிரி." சொல்லிவிட்டு ஏணியில் ஏறியிருக்கிறார்.

அந்த டேப்பை ஒட்டியது யார்? அண்ணன் உட்கார்ந்த மேசையில் அன்று உட்கார்ந்திருந்தது யார்?

நான்தான், தோழர்களே.

சத்தம் போடாதீர்கள். முழுதும் கேளுங்கள், பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்தத் திங்கட்கிழமை சூப்பர்வைசர் நான்கு மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ரெண்டு ரெண்டு வாஷர். மேலிடத்து உத்தரவு. ஒரு வாரத்துக்குத்தான்." நான் மாட்டேன் என்றேன். ஒரே ஒரு முறை சொன்னேன். "அப்ப உங்களுக்கும் ஆறாம் மாடியில இடம் இருக்கு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அண்ணன் செய்ததுபோல, "நீங்களே பிடிங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போட்டுக் கொடுத்ததோடாவது விட்டேனா? மறுநாள் காலை சூப்பர்வைசர் திரும்பி வந்தார். "டேப் இல்லன்னா பசங்க வாங்க மாட்டேங்கறாங்க. ஒட்டிக் குடுங்க" என்றார். பழக்கத்தில் கை ஒட்டிவிட்டது என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். அது பொய். தெரிந்தே ஒட்டினேன். அன்றைய தேதியையும் என் கையால் எழுதினேன். வேலியே பயிரை மேய்ந்தது.

அண்ணன் அந்த மாடியில்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் துணிந்தேன்! "அவர் எப்படியும் வைஸில் போட்டுப் பார்ப்பார், கண்டுபிடிப்பார், கீழே இறங்கி வந்து என்னை நாறத் திட்டுவார், நானும் திட்டு வாங்கிக்கொண்டு கழற்றிவிடுவேன்" என்று நினைத்தேன். நான் அவருடைய சந்தேகத்தை நம்பினேன், அவர் என் டேப்பை நம்பினார். இதற்குப் பெயர் அவருடைய கவனக்குறைவா? பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதிய வரி அது. அந்த வரியை எழுதியவர்களோடு ஒன்பது நாள் வாய் திறக்காமல் இருந்த நானும் கூட்டாளி.

மேலாளர் ஐயா, எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். வாஷர் போடச் சொன்ன மேலிடம் எது என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை. அதை நாளை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் துறை அதிகாரி கேட்பார். அவர் முன்னால் நான் இதே வார்த்தைகளைச் சொல்வேன். எனக்கு வேலை போகலாம், வழக்கு வரலாம். வரட்டும். நான் ஒட்டிய டேப்புக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

அறிக்கை எழுதியவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். நான்கு பக்கம் எழுதினீர்களே, அந்த மெஷினைத் திறந்து பார்த்தீர்களா? இல்லை! நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பது தெரிந்திருக்கும். மேலாளர் அறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியதோடு சரி. அதற்குப் பக்கத்திலேயே, கண்ணாடி அலமாரியில், கையைக் காப்பாற்றும் அந்த இரண்டு புது மெஷினும் இருக்கின்றன. அடுத்தடுத்த அலமாரி! பார்க்கிறவர்களுக்குக் கண் கூசவில்லையா?

தோழர்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். "அன்னார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்" என்று எழுந்து நின்று சொல்வோம், பிறகு டீ குடித்துவிட்டுக் கலைந்து போவோம். அப்படி ஒரு உறுதிமொழி எனக்கு வேண்டாம், அண்ணனுக்கும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் நீல டேப்பை நம்பி யாரும் மெஷினை வாங்காதீர்கள். யார் ஒட்டியிருந்தாலும் சரி. "என் கண் முன்னால் வைஸில் போட்டுப் பிடித்துக் காட்டு" என்று கேளுங்கள். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்த பிறகு வாங்குங்கள். கிளட்ச்சை இறுக்கச் சொல்லி யார் வந்தாலும், முதலில் அவர் பிடித்துக் காட்டட்டும். சூப்பர்வைசரானாலும் பிடிக்கட்டும், மேலாளரானாலும் பிடிக்கட்டும்! பிடிக்க முடியாதவர்கள் கேட்கக் கூடாது. இதை அண்ணனுடைய சட்டமாக வைத்துக்கொள்வோமா? செய்வோமா, சொல்லுங்கள்!

நல்லது. இந்தச் சத்தம் நாளைக்கும் இருக்கட்டும்.

அண்ணி, கொஞ்சம் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். நெட்டை, அவரைக் கூட்டிவா. விபத்து நடந்த அன்றே மற்ற மூன்று மெஷினையும் மேலே போய்ப் பிடுங்கிவந்து பிரித்தேன். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. அதில் இருந்தவை இவை. எண்ணிப் பாருங்கள், ஆறு வாஷர். ஒன்பது நாளாக என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. உங்கள் எதிரில் உட்கார்ந்தபோதும் பையில்தான் இருந்தன. எடுத்துக் காட்டத்தான் கை வரவில்லை.

நான் மொத்தம் எட்டுப் போட்டேன். மீதி இரண்டும் அந்த இரும்பு அலமாரியில் இருக்கிற மெஷினுக்குள் இருக்கின்றன. நாளை காலை பத்து மணிக்கு, எல்லோர் முன்னிலையிலும் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்பேன். வேறு யாரும் திறக்க வேண்டாம், போட்ட கையே கழற்றட்டும். அதுவரை இந்த ஆறையும் நீங்கள் வைத்திருங்கள், அண்ணி. அண்ணன் பார்க்காமல் எடுத்தாரா என்று கேட்டீர்களே, பார்த்துத்தான் எடுத்தார். என்னைப் பார்த்து எடுத்தார்.